கை நிற்காமல் எழுதிப் பாருங்கள்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த கட்டுரைப் போட்டிக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன். தலைப்பு 'மழை'. நேரம் ஒரு மணி. முதல் வரியை எழுதினேன், பிடிக்கவில்லை, அடித்தேன். மீண்டும் எழுதினேன், மீண்டும் அடித்தேன். மணி அடித்தபோது என் தாளில் அடிபடாமல் தப்பி நின்றவை இரண்டே வரிகள். அவையும் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கட்டுரையிலிருந்து வந்தவை!

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெருவில் பாதிப் பேர் கன்னடம். பள்ளியில் படித்தது தமிழ். இங்கே வேதியியலோ ஆங்கிலத்தில். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் நம்மில் பலருக்கும் இதே நிலைதான். அதிலும் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்றால், எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் 'சரியா, தவறா' என்று உள்ளே ஒருவர் சிவப்பு மையுடன் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிவப்பு மைக்காரரைப் பத்து நிமிடம் வெளியே நிறுத்தி வைப்பதற்கு ஒரு வழி உண்டு. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

வழி மிக எளிது. கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்துக் கொள்ள வேண்டும். பேனாவைத் தாளில் வைத்தபின், மணி ஒலிக்கும் வரை கை நிற்கக் கூடாது. அடிக்கக் கூடாது. எழுதியதைத் திரும்பிப் படிக்கக் கூடாது. எழுத்துப்பிழை, சந்திப்பிழை எதற்கும் நிற்க வேண்டாம். ஒன்றுமே தோன்றாவிட்டால், 'ஒன்றும் தோன்றவில்லை, ஒன்றும் தோன்றவில்லை' என்றே எழுதிக் கொண்டு போக வேண்டும். நான்காம் முறை எழுதும்போது மனத்துக்கே அலுத்துப் போய், வேறு எதையாவது நீட்டும்!

இதைப் பாடமாக்கியவர்களில் முக்கியமானவர் பீட்டர் எல்போ என்னும் அமெரிக்கப் பேராசிரியர். ஒரு காலத்தில் கட்டுரை எழுத முடியாமல் தவித்து மேற்படிப்பையே பாதியில் விட்டவர் அவர். பின்பு மீண்டும் படித்துப் பேராசிரியரானார். 'ஆசிரியர் இல்லாமல் எழுதுதல்' என்று பொருள்படும் தலைப்பில் 1973-இல் அவர் எழுதிய நூல், வாரம் மூன்று முறையாவது பத்துப் பத்து நிமிடம் இப்படி எழுதச் சொல்கிறது. அவருக்கு முன்பே, 1934-இல், டொரோத்தியா பிராண்ட் என்ற அம்மையார், காலையில் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக எழுந்து, யாரோடும் பேசாமல், செய்தித்தாளைத் தொடாமல் எழுதச் சொன்னார். பிரான்சில் ஆந்திரே பிரெத்தோனும் பிலிப் சூப்போவும் 1919-இல் மனம் போன போக்கில் விரைந்து எழுதிய பக்கங்களே மறு ஆண்டு ஒரு நூலாக வந்தன.

'விரைந்து பாடுவது நமக்குப் புதிதா?' என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவியை நான்காக வகுத்தார்கள் நம் முன்னோர். அவற்றில் ஆசுகவி என்பது கொடுத்த பொருளைக் கொடுத்தவுடன் பாடுவது. காளமேகப் புலவர் பெயரைச் சொன்னால் போதும். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தி, நூறு வேலைகளை ஒரே நேரத்தில் கவனித்துக் காட்டினார். தெலுங்கில் அஷ்டாவதானம் இன்றும் மேடையேறுகிறது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். அஷ்டாவதானத்தில் கேள்வி கேட்கும் எண்மரில் ஒருவருக்கு 'நிஷித்தாட்சரி' என்று ஒரு வேலை. புலவர் ஓர் எழுத்தைச் சொன்னவுடன், 'அடுத்து இந்த எழுத்து வரக் கூடாது' என்று தடுப்பார். புலவர் அதைத் தாண்டி வேறு எழுத்தில் போவார். அவர் மறுபடியும் தடுப்பார். இன்னொருவருக்குக் குறுக்கே எதையாவது பேசிக் கவனத்தைக் கலைப்பதே வேலை. இத்தனை தடைகளையும் தாண்டிச் செய்யுள் சொல்ல, யாப்பும் நிகண்டும் இரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும். நமக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆனால் தடுக்கும் ஆள் மட்டும் உள்ளே தயாராக இருக்கிறார்! அவதானி அவரோடு மோதி வெல்கிறார். நாம் அவரைக் கொஞ்ச நேரம் தேநீர் குடித்து வர அனுப்புகிறோம். அவ்வளவுதான் வேறுபாடு.

இதற்குள்ள காரணத்தை என் பாடத்தை வைத்தே சொல்லி விடுகிறேன். ஆய்வகத்தில் முதலில் கரைசல்களைக் கலந்து வீழ்படிவு வரவழைக்கிறோம். அதன் பிறகே வடிகட்டுகிறோம். வீழ்படிவு வருமுன் வடிகட்டினால் தாளில் தங்குவது ஒன்றுமில்லை. போட்டியன்று நான் செய்தது அதுதான். எழுதுவது ஒரு வேலை, எழுதியதைத் தேர்ந்தெடுப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டும் கெடும்.

போட்டி முடிந்து சில வாரங்கள் கழித்து, இம்முறையை எங்களுக்குச் சொன்ன ஆசிரியர் முன்னிலையில், அதே 'மழை'யை மறுபடி எழுதினேன். முதல் இரண்டு நிமிடம் பழைய கருமேகமும் மயிலும்தான் வந்தன. மூன்றாம் நிமிடத்தில், இரவு ஷிப்ட் முடிந்து உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளில் வரும் ஓர் ஆள் வந்தார். கை நிற்கக் கூடாது என்பதால், 'நாயனா வந்துட்டாரு' என்று எழுதி விட்டேன்.

நாயனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. பள்ளிக் கட்டுரைகளில் பன்னிரண்டு ஆண்டுகள் 'என் தந்தை' என்றே எழுதி வந்திருக்கிறேன். அந்தத் தந்தை ஒரு நாளும் நனைந்ததில்லை. சாக்கு போர்த்தியதில்லை. நனைந்த பீடிக்கட்டை அடுப்போரம் உலர்த்தியதில்லை. அன்று நாயனா என்று எழுதியதும் இவ்வளவும் வந்தன. மணி ஒலித்தபோது ஒன்றரைப் பக்கம் இருந்தது. தெலுங்குச் சொற்கள் ஒன்பது, எழுத்துப்பிழைகள் எண்ண முடியாதவை. ஆசிரியர் கேட்டும் அதை நான் படித்துக் காட்டவில்லை. வெட்கம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படி எழுதுவதில் பெரும்பகுதி குப்பைதான். மறுநாள் படித்து, உயிருள்ள ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டு, அதை முதல் வரியாக வைத்து இன்னொரு பத்து நிமிடம் எழுத வேண்டும். அதன்பின் சிவப்பு மைக்காரரைத் தாராளமாக உள்ளே அழைக்கலாம். இதையே கவிதை என்று நேராக மலர்க்குழுவிடம் நீட்டினால், அவர்கள் பாடு திண்டாட்டம்!

இன்னொரு எச்சரிக்கை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், தினம் பதினைந்து நிமிடம், தம் மனக்காயங்களைப் பற்றி எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் அவர்களுள் ஒரு பிரிவினர் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆயினும் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கனத்தே இருந்தது. எனவே, ஏதேனும் வலிக்கும் இடத்தில் பேனா போய் முட்டினால், நிறுத்திவிட உங்களுக்கு உரிமை உண்டு.

தேர்வுக்கும் இது உதவுகிறது. 'வேதிச் சமநிலை' என்று தலைப்பிட்டு, புத்தகத்தை மூடி வைத்து, ஏழு நிமிடம் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினேன். எனக்கு எது தெரியாது என்பது நான்காம் வரியிலேயே தெரிந்து போயிற்று.

இப்போது நாங்கள் ஆறு பேர் புதன்கிழமை தோறும் மதிய உணவுக்குப் பின் புளியமரத்தடியில் எழுதுகிறோம். ஒருவர் தாளை மற்றவர் கேட்பதில்லை, விரும்பியவர் படிக்கலாம். போன மாதம் நான் என்னுடையதைப் படித்தேன். பாகலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, 'எங்க வீட்லயும் அதே சாக்குதான்' என்றார். வர விரும்புவோர் இருபுறமும் எழுதக்கூடிய பழைய தாளும், நடுவில் மை தீராத பேனாவும் கொண்டு வரவும்.