உங்களுக்குத் தெரியுமா? நம் முதல் பாடம், பியானோவின் அபூர்வ ஸ்கேல்!

● நெய்வேலி என்றால் ஊருக்கெல்லாம் பழுப்பு நிலக்கரி. சங்கீத ரசிகர்களுக்கு நெய்வேலி சந்தானகோபாலன். 2020-ம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி அவர். அந்த டவுன்ஷிப்பில் இன்று பாட்டு வகுப்பில் சேரும் குழந்தைக்கும் முதல் பாடம், நம் மரபுப்படி மாயாமாளவகௌளை ராகத்தில்தான்.

● நமக்கு அரிச்சுவடியான இதே ஏழு ஸ்வரங்கள் மேல்நாட்டுப் பியானோ மாணவர்களுக்கு அபூர்வம். 'டபுள் ஹார்மோனிக்', 'பைசான்டைன்' என்றெல்லாம் பெயர் சொல்வார்கள். மேஜர், மைனர் ஸ்கேல்கள் விரலில் நன்றாகப் படிந்த பிறகே பலரும் இதன் பக்கம் வருகிறார்கள்.

● ஆர்மோனியக்காரர்கள் கணக்கில் சொன்னால் 1, 1½, 3, 4, 5, 5½, 7 கட்டை. கறுப்புக் கட்டைகள் இரண்டே இரண்டு. சங்கராபரணம் வாசிக்கத் தெரிந்தவர்கள் ரிஷபத்தையும் தைவதத்தையும் அரை ஸ்தானம் இறக்கினால் போதும், ராகம் மாறிவிடும்.

● ஸ்வரங்களின் இடைவெளியை அரை ஸ்தானங்களில் எண்ணிப் பாருங்கள்: 1, 3, 1, 2, 1, 3, 1. 'விகடகவி' போல எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே! 'ஸரிகம' எப்படியோ 'பதநிஸ'வும் அப்படியே. ஒரு பாதி பழகினால் மறுபாதியும் பழகிய மாதிரி.

● வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் ஸ, ரி, க. பிறகு கட்டைவிரலை அடியில் நுழைத்து மத்தியமத்தைப் பிடியுங்கள். மீதி விரல்கள் வரிசையாகத் தாமே வந்து விழும்.

● இந்த ராகத்தைத் தொடக்கப் பாடமாக்கியவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணியில் பாடிய முதல் கீர்த்தனையும் இதே ராகம்தான்.

● 1994-ல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' ஆங்கிலப் படத்தின் தொடக்கத்தில் அதிரும் கிட்டார் இசை 'மிசிர்லூ'. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய மெட்டு. 1962-ல் டிக் டேல் வாசித்துப் புகழ்பெற்றது. அதிலும் இந்த ஸ்வரங்களே!

● ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டியபோது தட்டுப்பட்டதுதான் நெய்வேலியின் நிலக்கரி. இந்த ராகத்திலும் அப்படி ஒரு புதையல் உண்டு. கட்டைகளை மாற்றாமல் மத்தியமத்தை ஸட்ஜமாக வைத்து வாசித்தால் 57-வது மேளம், சிம்மேந்திரமத்தியமம். ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் 72-வது மேளம், ரசிகப்ரியா. முதல் பாடத்துக்குள்ளேயே கடைசி மேளம்! இதற்குக் கிரகபேதம் என்று பெயர்.

● தட்டிய கட்டையின் நாதத்தைப் பியானோவில் அசைக்க முடியாது, கமகம் வராது. ஆனாலும் சிக்கில் குருசரணின் பாட்டுக்கு அனில் சீனிவாசன் பியானோ வாசிப்பதைக் கேளுங்கள். ஸ்வரங்களுக்கு நடுவே அவர் விடும் மௌனத்திலும் ராகம் நிற்கிறது.

● வீட்டில் சும்மா கிடக்கும் கீபோர்டைத் துடைத்து வையுங்கள். இடது கை ஸட்ஜமும் பஞ்சமமும் பிடிக்கட்டும். வலது கை சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்கட்டும். பாட்டு வகுப்புக்குப் போகும் உங்கள் வீட்டுக் குழந்தையைக் கூடவே பாடச் சொல்லுங்கள். கட்டையில் வராத கமகத்தை அந்தக் குரல் தரும்.