கரடி ஏன் தேடி வருகிறது, டப்பா எப்படித் தடுக்கிறது?

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் அடிப்பவர்களின் உணவுக்குக் குறிவைப்பது கருங்கரடி. குளிர்கால உறக்கத்துக்கு முன் கொழுப்பு சேர்க்க, இலையுதிர் காலத்தில் அது ஒரே நாளில் 20,000 கலோரி வரை தின்னும். ஓக் கொட்டை பொறுக்கி அந்த அளவை எட்ட நாள் முழுக்க அலைய வேண்டும். மனிதரின் உணவுப் பை சில நிமிடங்களில் பெரும்பங்கைத் தந்துவிடும். மோப்பமும் அபாரம். பற்பசையும் சோப்பும்கூட அதை இழுக்கும்.

உணவைக் கிளையில் கட்டித் தொங்கவிடுவது பழைய வழி. கரடி மரமேறும், கயிற்றைக் கடிக்கும். தாயிடமிருந்து குட்டியும் இதைக் கற்கும். ஆகவே அங்கே காட்டுக்குள் தங்குவோருக்குக் கரடி புகாத டப்பா கட்டாயம்.

டப்பா வாசனையை அடைப்பதில்லை. அதன் பலம் வடிவத்தில்தான். அகன்ற, வழவழப்பான உருளை தாடைக்குள் அடங்காது. நகம் மாட்ட விளிம்பும் இல்லை. ஆனாலும் நியூயார்க்கின் அடிரோண்டாக் மலையில் ஒரு பெண் கரடி, ஒரு வகை டப்பாவின் மூடியைப் பல்லால் அழுத்தித் திறக்கப் பழகிக்கொண்டது!

மிதிவண்டிப் பயணிக்குச் சிக்கல் வேறு. பக்கவாட்டுப் பைகள் மழையைத் தாங்கும், பல்லைத் தாங்கா. உருண்டை டப்பா அவற்றில் சரியாக அடங்காததால், பலர் அதைக் கேரியர் மேல் வாரால் கட்டுவார்கள். இரவில் டப்பாவைக் கூடாரத்திலிருந்து தள்ளி, பாறைச் சரிவும் ஆறும் அருகில் இல்லாத சமதரையில் வைக்க வேண்டும். கரடி உருட்டிப் பார்க்கும். வாரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் அதைக் கவ்வியே டப்பாவைத் தூக்கிப் போய்விடும்.