பேரரசன் தலைமேல் உளி

எந்தப் புதுச் சிந்தனையைப் பேசினாலும் 'இறக்குமதிச் சரக்கு' என்று ஒதுக்குகிற பழக்கம் நம் இலக்கியக் கூட்டங்களில் உண்டு. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிற எனக்கு அது வசவாகவே படுவதில்லை. மூலம், நகல் என்கிற இருமையைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க, பழங்காசுகளைவிட நல்ல பிரதி கிடைக்காது.

கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசு. பக்கவாட்டில் ஒரு தலை. மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை'. ரோமானியக் காசின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். 'ரோமானியத் தாக்கம்' என்று ஆய்வாளர்கள் எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். தாக்கம் என்ற சொல் கொடுத்தவனை மட்டும்தான் பார்க்கிறது. வாங்கினவன் என்ன பண்ணினான்? சீசர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டான். அதற்கு முந்தைய பாண்டியன் பெருவழுதியின் செப்புக்காசில் முகமே கிடையாது. ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கோடுகளாலான மீன். முகம் போட்டால்தான் காசு என்ற நிர்ப்பந்தம் இங்கே இருந்ததில்லை.

இன்னும் கறாரான ஒரு வாசிப்பு உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பத்தில் ஒன்பதுக்கு மேல் பேரரசனின் தலைமேல் உளிவெட்டு. நாணயம் என்ற தகுதியை நீக்கி, வெறும் பொன்னாக எடைபோடவே வெட்டினார்கள் என்பது பரவலான விளக்கம். இருக்கட்டும். வெட்டு ஓரத்தில் விழவில்லையே, முகத்தில்தானே விழுந்திருக்கிறது? மதிப்பு பொன்னில் இருக்குது, உன் மூஞ்சியில் இல்லை என்று அந்த உளி சொல்வதாகவே நான் வாசிக்கிறேன்.

சரி, மூலம் என்று நமக்குக் காட்டப்படும் ஐரோப்பாவின் கதை என்ன? 7, 8ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்ஸன் வெள்ளிக்காசுகளில் ரோமானியத் தலை, நகலின் நகலாகி, கடைசியில் ஒரு வளைவும் அதன்மேல் முள்முள்ளாகக் கோடுகளும் என்று ஆனது. சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'முள்ளம்பன்றி'. மெர்சியாவின் கிறிஸ்தவ மன்னன் ஒஃபா, அப்பாசிய கலீஃபா அல்-மன்சூரின் 773-74ஆம் வருடத் தினாரை நகலெடுத்து நடுவில் தன் பெயரை லத்தீனில் செருகினான். இஸ்லாமிய நம்பிக்கை வாசகம் அரபியில் அப்படியே நிற்கிறது; லத்தீனுக்கு அது தலைகீழ். லண்டன் மியூசியத்தில் அதைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். யாரும் 'சரக்கு' என்று சொல்வதில்லை.

எங்கள் பேட்டையின் பெயரே 1923இல் ஸ்வீடன் முதலாளிகள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனியின் இங்கிலீஷ் முதலெழுத்துகள்தான். "விம்கோ ஒண்ணு குடுப்பா" என்று கண்டக்டரிடம் சில்லறை நீட்டும் மீன்காரம்மாவுக்கு அது எழுத்துமல்ல, கம்பெனியுமல்ல. வீடு இருக்கிற இடம். முள்ளம்பன்றியும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

ஆனால் எல்லா உருமாற்றத்தையும் நான் கொண்டாடத் தயாரில்லை. ராஜராஜன் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம். இரண்டும் கோடும் புள்ளியுமாக. 'ஸ்ரீ ராஜராஜ' என்பது தமிழெழுத்தில் இல்லை, நாகரியில் இருக்கிறது. உழுதவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? படம் சந்தைக்கு, எழுத்து அரண்மனைக்கு. சோழர் வெளியேறிய பின் பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகுவும் இதே நிற்பது, உட்காருவது, இதே நாகரி எழுத்து என்றுதான் காசு அடித்தான். மாற்றியது பெயரை மட்டும்.