காலனியும் காலணியும்



பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போவது என் பழக்கம். அந்தியூர் சுற்றுவட்டாரத்தில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ‘காலனி’ என்று முடிய வேண்டிய சில பலகைகள் ‘காலணி’ என்று முடிந்திருக்கும். குடும்ப அட்டை முகவரியிலும், கல்யாணப் பத்திரிகையிலும், சில சமயம் நம் சுவரொட்டியிலும் அப்படி வரும். றன்னகரத்துக்குப் பதில் டண்ணகரம். ஓர் எழுத்துத்தான். ஆனால் காலனி என்றால் குடியிருப்பு, காலணி என்றால் செருப்பு. தலைமுறை தலைமுறையாகச் செருப்பு தைப்பதை மட்டுமே தொழிலாகக் கொடுத்து, அதையே வசைச்சொல்லாகவும் ஆக்கி வைத்திருக்கும் வட்டாரத்தில், அருந்ததியர் தெருவின் வாசலில் செருப்பு என்று எழுதியிருக்கிறது. எழுதிய பெயின்டருக்கு உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. அதற்காக அதைக் கடந்து போய்விடவும் முடியவில்லை.

இன்னொன்று. இலத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் உழவன். அவன் குடியேறிய இடம் ‘கொலோனியா’. அதிலிருந்துதான் இந்தக் காலனி வருகிறது. ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்களின் தெருவுக்கு உழவர் குடியிருப்பு என்ற பெயர் வந்து சேர்ந்ததை என்னவென்று சொல்வது? நகரத்தில் டீச்சர்ஸ் காலனி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கிராமத்தில் ‘காலனிக்காரன்’ என்றால் அது சாதிப்பெயர். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில், இந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாக ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். ஆக, சரியாக எழுதினாலும் வலிக்கிற சொல் அது. தப்பாக எழுதினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கிறது.

அன்றாட எழுத்தில் இலக்கணமும் சொல்லின் சரி தவறும் முக்கியமா என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். நம் தோழர்களிடம் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ‘பிழை பார்ப்பதே மேட்டிமை, மக்கள் மொழிதான் மொழி’ என்பது ஒன்று. ‘பிழையில்லாமல் எழுதினால்தான் நம்மை மதிப்பார்கள்’ என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. ஆனால் முதல் பதிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட காயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தொல்காப்பிய மரபியல், வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று வரையறுக்கிறது. அந்த உயர்ந்தோர் அறிவால் உயர்ந்தோர் என்று சமாதானம் சொல்வார்கள். சொல்லட்டும். அறிவு பெறும் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்று கேட்பது சமூகவியல் படித்தவரின் கெட்ட பழக்கம். 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் இது வெளிப்படையாகவே வெடித்தது. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, மரபுவாதப் பண்டிதர்கள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள். சொல்லைத்தான் குறை சொல்வதுபோல இருந்தது, உண்மையில் பேசியவரின் சாதியைச் சொன்னார்கள். ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்கு இலங்கை சாகித்திய விருது கிடைத்தது, டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ எழுதினார். இங்கே பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோதும் ‘இதென்ன மொழி’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

அதனால் இலக்கணம் அவர்களுடையது, நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடலாமா? நம் முன்னோர் விடவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று இதழ் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அயோத்திதாசர் பண்டிதர். ஒவ்வொரு சாதிப்பெயரையும் பிரித்து, வேர் தேடி, ‘இந்தச் சொல்லுக்கு நீ சொல்லும் பொருள் பொய்’ என்று வாதாடியவர். அவருடைய வேர்ச்சொல் விளக்கங்கள் எல்லாவற்றையும் மொழியியலாளர்கள் ஏற்பதில்லை, நானும் சிலவற்றை ஏற்பதில்லை. ஆனால் இலக்கணத்தின் வாசலில் கைகட்டி நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்து வழக்காடினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன்.

2000களின் தொடக்கம். முதுகலை முடித்த கையோடு ஊருக்கு வந்திருந்தேன். கூலி பாக்கி கேட்ட ஒருவரை, பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் பார்க்கச் சாதிப்பெயர் சொல்லித் திட்டித் தள்ளிவிட்டார்கள். படித்த பிள்ளை என்று புகார் எழுத என்னிடம் வந்தார்கள். நானும் நல்ல தமிழில் எழுதினேன். “தகாத வார்த்தைகளால் இழிவாகத் திட்டி மானபங்கப்படுத்தினார்” என்று எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. நிலையத்தில் இருந்தவர் படித்துவிட்டுச் சிரித்தார். மானபங்கம் என்பது காவல்துறை வழக்கில் பெண்ணிடம் செய்யும் குற்றம், நான் அவமானம் என்ற பொருளில் போட்டிருந்தேன். சிரிப்பு போகட்டும். ‘தகாத வார்த்தை’ என்று எழுதியதால் ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி) பிரிவில் மட்டும் வழக்குப் பதிந்தார்கள். என்ன சாதிப்பெயர், என்ன சொல் என்று என் புகாரில் ஓரிடத்திலும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வருவதற்கான கதவை நானே சாத்தியிருந்தேன்.

இன்று யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த அய்யாவிடம் நகலைக் காட்டினேன். வாசித்துவிட்டு, “ஏங் கண்ணு, அவன் என்ன சொன்னான்னு எழுதச் சொன்னா, நீ உன்ற தமிழ எழுதி வெச்சிருக்கறயே” என்றார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் எழுதும் மனுக்களில் லகர ளகரம் இடம் மாறிக் கிடக்கும். ஆனால் யார், யாரை, எங்கே வைத்து, எந்தச் சொல்லால், யார் பார்க்க என்ற ஐந்தும் ஒரு மனுவிலும் தவறியதில்லை.

யோசித்துப் பார்த்தால் நான் செய்தது இலக்கணப் பிழை அல்ல, இலக்கணத்துக்குக் கீழ்ப்படிந்தது. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்று சொல்கிறது. அதில் ஒன்று இடக்கரடக்கல். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. பள்ளியில் ‘கால் கழுவி வந்தான்’ என்று உதாரணம் படித்திருப்பீர்கள். நம்மைத் திட்டிய சொல்லை எழுதக் கூசி ‘தகாத வார்த்தை’ என்று நாமே அடக்கிவிடுகிறோம். கூச வேண்டியவர் சொன்னவர், நாம் ஏன் கூசுகிறோம்? புகாரில் இடக்கரடக்கல் கூடாது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும், எவ்வளவு நாறினாலும். 2015 திருத்தத்துக்குப் பிறகு சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) என்று தனிக் குற்றமாகவே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது, 294 இப்போது 296 ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் வழுக்கி விழும் இடம் அதேதான்.

இன்னொரு குழப்பம் ‘பொது இடம்’. நம் புகார்களில் “பொது இடத்தில் வைத்துத் திட்டினார்” என்று எழுதுகிறோம். சட்டத்தில் உள்ளது பொது இடம் அல்ல, பொதுமக்கள் பார்வையில் படும் இடம். 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டும் வேறு என்று விளக்கியது. தனியார் வீட்டு வாசலானாலும் தெருவில் போகிறவர் பார்க்கவும் கேட்கவும் முடிந்தால் சட்டம் பொருந்தும். மாறாக, திருச்சி மாவட்டத்து வழக்கு ஒன்றில், அரசு அலுவலகத்தின் நான்கு சுவருக்குள் பொதுமக்கள் யாரும் இல்லாதபோது நடந்தது என்று சொல்லி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அரசு அலுவலகம் நம் பேச்சில் பொது இடம்தான். அங்கே அந்த நேரத்தில் யார் நின்றிருந்தார்கள் என்ற ஒரு வரிதான் வழக்கைத் தூக்கி நிறுத்தும்.

வாக்கிய அமைப்பும் அப்படியே. மனு என்றால் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம் எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். “என் தம்பி கடைக்குப் போய், சாதியைச் சொல்லித் திட்டி, கட்டையால் அடித்து, மண்டை உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தான்” என்று எழுதிய ஒரு தாளை நான் பார்த்தேன். தமிழில் போய், திட்டி, அடித்து ஆகிய வினையெச்சங்கள் எல்லாம் பொதுவாகக் கடைசி வினைமுற்றின் எழுவாயையே போய்ச் சேரும். இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் திட்டியதும் அடித்ததும் தம்பிதான்! எழுதியவருக்குப் பொருள் தெரியும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இது பலாப்பழம். இத்தனைக்கும் தீர்வு எளிது. ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயர். ‘அவர்’ என்பதை முடிந்தவரை ஒழித்துவிடுங்கள். ‘அவர் அவரை அவரது வீட்டில்’ என்று எழுதினால் கடவுளுக்கும் புரியாது.

அரசுப் பட்டியல்களில் எழுத்தின் ஆட்சி இன்னும் கொடியது. 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடிப் பட்டியலை உள்ளது உள்ளபடியே படிக்க வேண்டும், ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று நிறுவ விசாரணை கூடாது என்றது. மராட்டியத்தில் பட்டியலில் உள்ள ‘தங்கட்’ என்பது எழுத்துப் பிழை, அது நாங்கள்தான் என்று தங்கர் சமூகத்தார் தொடர்ந்த வழக்குகளை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் கோரிக்கை சரியா என்பது வேறு விவாதம். ஓர் எழுத்து எவ்வளவு கனக்கும் என்பதற்குச் சொல்கிறேன். அவ்வளவு தூரம் போவானேன், நம் தலைக்கு மேலே பர்கூர் மலை இருக்கிறது. பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தர்மபுரி, சேலம் என்று சில மாவட்டங்கள் இருக்கின்றன. அன்றைய கோவை அதில் இல்லை, 1979இல் அதிலிருந்து பிரிந்த ஈரோடும் இல்லை. மேட்டூர்ப் பக்கம் பெண் கொடுத்தால் அந்தப் பக்கத்துச் சொந்தம் பழங்குடி, இந்தப் பக்கத்துச் சொந்தம் இல்லை. அடைப்புக்குறியும் இலக்கணம்தான்.

கடைசியாக ‘ன்’னும் ‘ர்’ரும். பட்டியல் சாதிகளின் பெயர்களில் சக்கிலியன், பறையன், பள்ளன், குறவன் என்று ஆண்பால் ஒருமை விகுதி. ஊரில் மற்றவர்களுக்குக் கவுண்டர், முதலியார், நாடார் என்று மரியாதைப் பன்மை. இந்த ‘ன்’களை ‘ர்’ ஆக்கச் சட்டத்திருத்தம் வேண்டும் என்று 2025 செப்டம்பரில் தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வரவேற்கிறேன். சாதிச் சான்றிதழை வகுப்பில் நீட்டும் பிள்ளைக்கு அந்த ஓர் எழுத்து ஆறுதல். ஆனால் ‘பறையன்’ என்றும் ‘தமிழன்’ என்றும் ‘ன்’னோடுதான் நம் முன்னோர் இதழ் நடத்தினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். விகுதியில் தானாக இழிவு இல்லை, யாருக்கு எது என்று பங்கிட்டதில்தான் இருக்கிறது. கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று சினிமாவில் கைதட்டுகிறார்கள். “வாங்கோ, உக்காருங்கோ” எல்லாம் உண்மைதான். அறுபது வயது மாதாரியைப் பண்ணையக்காரர் வீட்டு ஏழு வயதுப் பையன் “டேய்” என்று கூப்பிட்டதும் இதே கொங்குத் தமிழில்தான். என் தாத்தாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை.

பிறகு எதைத் திருத்துவது, எதை விடுவது? ‘சுவற்றில்’ தவறு, ‘சுவரில்’ சரி. ‘முயற்சிக்கிறோம்’ கூடாது, ‘முயல்கிறோம்’ வேண்டும். ‘வாழ்த்துக்களா’ ‘வாழ்த்துகளா’ என்று மாநாட்டு மேடையில் சண்டையே நடக்கும். தெரிந்துகொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் கிளைக் கூட்டத் தீர்மானத்தில் இவற்றுக்காக ஒரு தோழரை நிறுத்தித் திருத்தாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் பேனா எடுக்க மாட்டார். கல்லூரியில் என் முதல் கட்டுரையின் மேல் சிவப்பு மையில் ‘மொழிநடை சேரி’ என்று எழுதி வந்தது. ‘சரியில்லை’ என்பதுதான் அவசரத்தில் அப்படி விழுந்ததா, வேண்டுமென்றே எழுதியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் நான் வாயே திறக்கவில்லை.

எழுத வராதவருக்கும் வழி இருக்கிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 5ஆம் விதிப்படி, வாய்மொழியாகச் சொன்னால் நிலையப் பொறுப்பாளரே எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தர வேண்டும். திருத்தப்பட்ட 4ஆம் பிரிவின்படி, படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதே கடமை தவறிய குற்றம். ‘தப்பும் தவறுமா இருக்கு, நல்லா எழுதிட்டு வா’ என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. அவர் எழுதியதில் ‘தகாத வார்த்தை’ என்று வந்தால் நிறுத்தி, சொன்ன சொல்லைப் போடச் சொல்லுங்கள்.

உணவு இடைவேளைக்குப் பிறகு பயிற்சி. என் பழைய புகாரின் நகலைப் பெயர்களை மறைத்து நாற்பது படி எடுத்து வந்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்து, என் நல்ல தமிழை அடித்துவிட்டு எழுதுங்கள்.