மறைந்த மோட்டார்கள் - 7: ஞாயிறு வெற்றி, திங்கள் தோல்வி

அமெரிக்க கார் வியாபாரத்தில் ஒரு வேதவாக்கு உண்டு: ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஜெயித்தால் திங்கட்கிழமை ஷோரூமில் வண்டி விற்கும். அதைப் பொய்யாக்கிக் காட்டிய கம்பெனி ஒன்று டெட்ராய்ட்டில் இருந்தது. ஞாயிறுதோறும் ஜெயித்துக்கொண்டே திங்கட்கிழமைகளில் தோற்றுப்போன அந்தக் கம்பெனி, ஹட்சன்.

1909-ல் தொடங்கிய இந்தக் கம்பெனிக்கு முதல் போட்டவர் ஜோசப் ஹட்சன், டெட்ராய்ட்டின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி. அதனால்தான் அந்தப் பெயர். நாற்பது வருடம் கௌரவமாக நடந்த கம்பெனியின் தலையெழுத்தை மாற்றியது 1948 மாடல்.

அன்றைய கார்களில் சேஸிஸின் மேல் பாடியைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஏறித்தான் உட்கார வேண்டும். ஹட்சன் இன்ஜினியர்கள் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக வெல்டிங் செய்து, தரையை இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே இறக்கிவிட்டார்கள். கதவைத் திறந்தால் கால் ஒரு படி கீழே போகும். பக்கச் சட்டமோ பின்சக்கரங்களுக்கும் வெளியே சுற்றிக்கொண்டு ஓடியது. சொகுசுக்கும் பாதுகாப்புக்கும் செய்த ஏற்பாடுதான். ஆனால் வண்டியின் எடை முழுக்கத் தாழ்ந்துவிட்டதால், மற்ற கார்கள் சாய்ந்து தடுமாறும் வளைவுகளில் இது தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது.

1951-ல் அந்த உடம்புக்குள் 308 கன அங்குல இன்ஜினை வைத்து, ஹார்னெட் என்று பெயரிட்டார்கள். சைடு வால்வு, ஆறு சிலிண்டர். அப்போதே பழைய தொழில்நுட்பம். ஆனாலும் 145 குதிரைத்திறன் கொடுத்தது. புத்தம்புது வி-8 என்று பேர் வாங்கிய ஓல்ட்ஸ்மொபீல் ராக்கெட்டுக்கே 135-தான்.

ஷோரூமில் விற்கிற காரையே ஓட்ட வேண்டும் என்பது நாஸ்கார் பந்தயத்தின் அன்றைய விதி. ஃப்ளோரிடாவில் டேடோனா பீச் பந்தயப் பாதையின் பாதி, கடற்கரை மணல். மறுபாதி அதை ஒட்டிய தார்ச்சாலை. கடல் பொங்கி ஏறுவதற்குள் பந்தயத்தை முடித்தாக வேண்டும். 1951 பிப்ரவரியில் அங்கே ஹார்னெட்டை ஓட்டி ஜெயித்தவர் மார்ஷல் டீக், அதே ஊரில் சர்வீஸ் ஸ்டேஷன் வைத்திருந்த மெக்கானிக். அவர் ஹட்சன் இருந்த மிச்சிகனுக்கே போய்ப் பேசி, கம்பெனியைப் பந்தயத்துக்குள் இழுத்துவந்தார்.

கம்பெனியும் சாமர்த்தியமாக விளையாடியது. ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலில் இருந்தால் அந்தப் பாகம் பந்தயத்துக்குச் செல்லும். ஆகவே, பந்தயத்துக்கென்றே செய்த பாகங்களைக் ‘கடும் உபயோகத்துக்கு’ என்ற பெயரில் பட்டியலில் சேர்த்தார்கள். இரட்டைக் கார்புரேட்டரும் வந்தது. 1952-ல் நடந்த 34 பந்தயங்களில் 27 ஹட்சனுக்கு! அந்த வருடம் டிம் ஃப்ளாக் சாம்பியன். 1953-ல் ஹெர்ப் தாமஸ். தாமஸின் வண்டியைத் தயார் செய்தவர் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஸ்மோக்கி யூனிக்.

ஃப்ளாக்கிடம் இன்னொரு விசேஷம். 1953-ல் ஒரு குரங்குக்குப் பந்தயச் சீருடை தைத்துப் போட்டு, அதையும் காரில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார். அதன் பெயர் ஜாக்கோ ஃப்ளாக்கோ. ஒரு பந்தயத்தில் அதோடு ஜெயிக்கவும் செய்தார். ராலி நகரில்தான் வம்பு வந்தது. முன்டயர் தேய்மானத்தைப் பார்ப்பதற்குக் காரின் தரையில் ஒரு சின்ன மூடி உண்டு. கட்டவிழ்ந்த குரங்கு அதன் வழியே எட்டிப் பார்க்க, சுழலும் சக்கரத்தில் அடிபட்டு, அலறிக்கொண்டு ஃப்ளாக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்திக் குரங்கை இறக்கிவிட்டு ஓடியவருக்குக் கிடைத்தது மூன்றாமிடம். குரங்குக்கு அதுவே கடைசிப் பந்தயம்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவே கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. 1951-ல் 43,000-க்கும் மேல் தயாரான ஹார்னெட், 1953-ல் 27,000 சொச்சத்துக்கு இறங்கியது. காரணம், ஜெயிக்க வைத்த அதே உடம்பு. தனி சேஸிஸ் வைத்திருந்த கம்பெனிகள் வருடாவருடம் மேல்சட்டையை மாற்றுவதுபோல பாடியை மாற்றின. ஒரே வார்ப்பான ஹட்சனில் ஒரு வளைவை மாற்றவும் பெரும்பணம் வேண்டும். இருந்த பணமும் ‘ஜெட்’ என்ற சின்னக் காரில் போய் முடங்கியது. அதை வாங்க ஆளில்லை. பந்தயத்தில் ஜெயித்த காரைக் கைதட்டிப் பார்த்த ஜனம், மறுநாள் பக்கத்துக் கடையில் பளபளக்கும் வி-8 வாங்கியது.

1954 மே மாதம் ஹட்சன் நாஷ் கம்பெனியோடு இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. அக்டோபரோடு டெட்ராய்ட் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு வந்த ஹார்னெட்டுகள், நாஷ் உடம்பில் ஹட்சன் பெயர்ப்பலகை மாட்டியவை. 1957-ல் பெயரும் போனது. 2006-ல் வந்த ‘கார்ஸ்’ படத்தில் டாக் ஹட்சனாக வரும் கிழட்டுக் கார் இந்த ஹார்னெட்தான். படத்தில் அதை விபத்து ஓரங்கட்டியது. நிஜத்தில் அதை ஓரங்கட்டியது, மாற்றிக்கொள்ள முடியாத அதன் சொந்த உடம்பு.

(அடுத்த வாரம்: குதிரை வண்டியில் ஆரம்பித்த ஸ்டூட்பேக்கர்)