டெலீட் ஆன ஒரு மெயிலைத் திரும்ப எடுக்க முடியுமா? பேக்கப் டேப்புகளைத் தோண்டவைத்த பெண்ணின் கதை!

சம்பள உயர்வு பற்றி மேலதிகாரி அனுப்பிய மெயில், வீட்டுக் கடனுக்கு வங்கி அனுப்பிய ஒப்புதல் கடிதம், மகளின் கல்லூரி அட்மிஷன் தகவல்... இடம் காலியாகட்டுமே என்று இன்பாக்ஸைச் சுத்தம் செய்யும்போது இதில் ஏதாவது ஒன்றும் சேர்ந்து போய்விடும். தேவைப்படும் நாளில்தான் அது இல்லை என்பதே தெரியவரும். ‘சர்வர்ல பேக்கப் இருக்குமே, அந்த ஒரு மெயிலை மட்டும் எடுத்துக் கொடுங்களேன்’ என்று அலுவலகத்தின் ஐ.டி பிரிவில் போய் நிற்பவர்கள் ஏராளம்.

எடுக்க முடியும். ஆனால், அது எவ்வளவு பெரிய வேலை, அதில் ஒருவரின் வாழ்க்கையே எப்படி அடங்கியிருக்கலாம் என்பதைக் காட்டியது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு.

100 பக்கமும் 450 பக்கமும்

லாரா ஜுபுலேக், யு.பி.எஸ் நிதி நிறுவனத்தின் ஆசியப் பங்கு விற்பனைப் பிரிவில் மூத்த விற்பனை அதிகாரி. 1999-ல் வேலைக்குச் சேர்ந்தவர். பெண் என்பதால் தன்னைப் பாரபட்சமாக நடத்துகிறார்கள் என்று 2001 ஆகஸ்ட்டில் அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். அக்டோபரில் வேலை பறிபோனது. அடுத்த ஆண்டு நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தின் படியேறினார்.

வழக்குக்காக நிறுவனம் கொடுத்த ஆவணங்களில் மெயில்கள் சுமார் 100 பக்கங்கள்தான் இருந்தன. லாராவோ, தான் பத்திரப்படுத்தி வைத்திருந்த மெயில்களையே சுமார் 450 பக்கங்களுக்குக் கொடுத்தார். புகாருக்குப் பிறகு அவரைச் சீக்கிரமாக வேலையிலிருந்து நீக்கிவிடலாம், ஆண்டு இறுதி போனஸும் தர வேண்டியிருக்காது என்கிற ரீதியில் யோசனை சொன்ன ஒரு மெயிலும் அதில் இருந்தது. தன்னிடமே இவ்வளவு இருக்கும்போது, மீதி மெயில்கள் எங்கே என்று கேட்டார் லாரா. அவை இருக்கக்கூடிய முக்கியமான இடம், நிறுவனத்தின் பேக்கப் டேப்புகள்.

பரண் முழுவதையும் இறக்கணும்!

அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு நாளும், வாரமும், மாதமும் முடியும்போது மெயில் சர்வரை டேப்பில் பிரதி எடுத்து வைத்தார்கள். தினசரி டேப் 20 வேலை நாள்கள் இருக்கும். வாராந்தர டேப்புக்கு ஓராண்டு, மாதாந்தர டேப்புக்கு மூன்றாண்டு. கெடு முடிந்தால் டேப் மறுசுழற்சிக்குப் போய்விடும்.

இந்தப் பிரதி, குரூப் போட்டோ மாதிரி. க்ளிக் செய்த நேரத்தில் யார் நின்றார்களோ அவர்கள்தான் படத்தில் இருப்பார்கள். காலையில் வந்த மெயிலை மாலைக்குள் சுவடில்லாமல் அழித்துவிட்டால், அன்றிரவு எடுத்த பேக்கப்பில் அது இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான அலுவலக மெயில் சர்வர்களில் ஒவ்வொரு மெயிலும் தனித்தனி ஃபைலாக இருப்பதில்லை. பல ஊழியர்களின் மெயில்பாக்ஸ்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸாக இருக்கும். பேக்கப்பும் அதை மொத்தமாகத்தான் பிரதி எடுக்கும். பழைய முறையில் ஒரு மெயிலை எடுக்க வேண்டுமென்றால், மொத்த டேட்டாபேஸையும் மீட்க வேண்டும். ஒரு பழைய கல்யாண போட்டோவுக்காகப் பரண் முழுவதையும் கீழே இறக்குகிற கதைதான்.

அதையும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் மேலேயே இறக்கிவிட முடியாது. போன மாதத்துப் பிரதியை இன்றைய சர்வரில் ஏற்றினால், இடையில் எல்லோருக்கும் வந்த மெயில்கள் காணாமல் போய்விடும். அதனால் வேறொரு சர்வரில் ஏற்றி, உரியவரின் மெயில்பாக்ஸைத் திறந்து, தேடி, வேண்டியதை மட்டும் வெளியே எடுப்பார்கள். யு.பி.எஸ்ஸில் ஒரு டேப்பை மீட்கவே சுமார் 5 நாள்கள் ஆகும் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

5 டேப்பில் 600 மெயில்கள்

‘செலவு அதிகம்’ என்றது நிறுவனம். முதலில் 5 டேப்புகளை மட்டும் மீட்டுப் பாருங்கள் என்றார் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின். சுமார் 19,000 டாலர் செலவானது. வழக்குக்குத் தொடர்புடைய சுமார் 600 மெயில்கள் கிடைத்தன. அதன் பிறகு, மற்ற டேப்புகளை மீட்கும் செலவில் 75 சதவிகிதத்தை நிறுவனமும் 25 சதவிகிதத்தை லாராவும் ஏற்க வேண்டும் என 2003-ல் உத்தரவு வந்தது.

சில டேப்புகளைக் காணவில்லை. மெயில்களைப் பாதுகாக்கச் சொன்ன பிறகும் சில ஊழியர்கள் அழித்திருந்ததும் தெரியவந்தது. தொலைந்த மெயில்கள் நிறுவனத்துக்குப் பாதகமானவையாக இருந்திருக்கும் என ஜூரிகள் முடிவு செய்துகொள்ளலாம் என்று 2004-ல் கூறினார் நீதிபதி. 2005 ஏப்ரலில் ஜூரிகள் லாராவுக்கு வழங்கச் சொன்ன தொகை, சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர்!

இன்று நிலைமை எப்படி?

இப்போது வேலை எளிதாகிவிட்டது. பேக்கப்பைத் திறந்து, அனுப்பியவர் பெயரையோ தலைப்பையோ தேடி, ஒரே ஒரு மெயிலை மட்டும் பழைய ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பேக்கப் வரை போகாமலே மீட்கவும் வழி உண்டு. ஜிமெயிலில் அழித்த மெயில், ட்ராஷ் ஃபோல்டரில் 30 நாள்கள் இருக்கும். அலுவலகத்தில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்தினால், ட்ராஷிலிருந்தும் போன பிறகு 25 நாள்களுக்குள் அட்மின் மீட்டுத் தரலாம். மைக்ரோசாஃப்ட் 365-ல் ‘டெலீட்டட் ஐட்டம்ஸ்’ ஃபோல்டரைக் காலி செய்த பிறகும் வழக்கமாக 14 நாள்கள் அவகாசம் உண்டு. அட்மின் நினைத்தால் அதை 30 நாள்களாக்கலாம்.

எனவே, அலுவலக மெயில் ஒன்று காணாமல் போனால், அன்றைக்கே ஐ.டி பிரிவிடம் சொல்லிவிடுங்கள். யார் அனுப்பியது, தலைப்பு என்ன, எந்த ஃபோல்டரில் இருந்தது, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற நான்கு விவரங்களையும் கொடுங்கள். எந்தத் தேதி பேக்கப்பைத் திறப்பது என்பதை இவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஜிமெயில் என்றால், முதலில் ‘ஆல் மெயில்’ பகுதியில் தேடுங்கள். டெலீட் ஆனதாக நினைத்த மெயில், கை தவறி ‘ஆர்க்கைவ்’ ஆகியிருக்கலாம்.

போனில் இருப்பது பேக்கப் அல்ல

‘போன், லேப்டாப் இரண்டிலும் மெயில் இருக்கிறதே’ என்று தைரியமாக இருக்க வேண்டாம். இரண்டும் ஒரே சர்வரைத்தான் காட்டுகின்றன. ஒன்றில் அழித்தால் மற்றொன்றிலும் போய்விடும்.

சர்வரிலும் கோளாறு வரலாம். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால், ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவிகிதம் பேரின் மெயில்கள் மறைந்துபோயின. கூகுள் பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளில் சிலவற்றையும் அந்தப் பிழை விட்டுவைக்கவில்லை. தனியே எடுத்து வைத்திருந்த டேப்புகளிலிருந்துதான் அவை மீட்கப்பட்டன.

கூகுளுக்கே தனிப் பிரதி தேவைப்பட்டது என்றால், நமக்கும் ஒன்று வேண்டாமா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, கடன் ஒப்புதல், மருத்துவ அறிக்கை போன்றவை வந்த அன்றே பி.டி.எஃப் ஆக்கி, வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள். ‘கூகுள் டேக்அவுட்’ மூலம் மொத்த ஜிமெயிலையும் டவுன்லோடு செய்யலாம். அலுவலக ரகசியங்களை வீட்டுக்கு அனுப்புவது வம்பில் மாட்டிவிடும். நம் வேலை, நம் உரிமை தொடர்பான கடிதங்களையும், என்னென்ன எடுத்துவைக்க அலுவலக விதி அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொண்டு எடுத்துவைப்பதே நல்லது.

டேப்புகளைத் தோண்டும் வேலை லாராவின் வழக்கில் பின்னால்தான் வந்தது. அவற்றில் தேடுவதற்கு ஏதோ இருக்கிறது என்று நீதிபதியை நம்பவைக்க, அந்த 450 பக்கங்கள் முதலில் லாராவின் கையில் இருந்தன.