மோர்மன் ஆலயங்கள்: மூடிய கதவும் நமது கேள்விகளும்

மோர்மன்கள் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு விடயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று பலதார மணம், மற்றது பிறரை உள்ளே விடாத ஆலயம். வகுப்பில் பேச்சுவாக்கில் இது வந்தபோது ஒரு மாணவன், "உள்ளுக்கு என்னத்தயோ மறைக்கிறாங்க போல, சேர்" என்றான். மறைப்பது வேறு, புனிதம் பேணுவது வேறு. தெரியாத கதவைப் பார்த்து ஊர் என்னென்ன கதை கட்டும் என்பதை 2019க்குப் பின்னர் நாம் நன்றாகவே பார்த்துவிட்டோம். ஆகவே, அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதை முதலில் கேட்போம். உடன்பாடும் முரண்பாடும் பிறகு.

இவர்களது அமைப்பின் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இதனை நிறுவினார். அதே ஆண்டு வெளியான 'மோர்மன் நூலை' பைபிளுடன் சேர்த்து வேதமாகக் கொள்வதால்தான் அவர்களுக்கு இப்பெயர் வந்தது. மிசூரி மாநிலத்திலிருந்து 1838இல் ஆளுநரின் கட்டளைப்படி விரட்டப்பட்டனர். 1844இல் இலினோய் மாநிலச் சிறையில் இருந்த ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பின்னர் பிரிகாம் யங் தலைமையில் மேற்கு நோக்கிப் பயணித்து, 1847இல் யூட்டாவின் சோல்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். அங்கே 1853இல் அடிக்கல் நாட்டிய கருங்கல் ஆலயம் 1893இல்தான் பூர்த்தியானது. நாற்பது வருட உழைப்பு!

ஆலயத்துக்குள் மற்றவர்கள் போக முடியாதா? இங்கே ஒரு வேறுபாட்டை விளங்க வேண்டும். ஞாயிறு வழிபாடு நடப்பது ஆலயத்தில் அல்ல, சாதாரண வழிபாட்டு மண்டபத்தில். அங்கே யாரும் போகலாம். ஆலயம் விசேட சடங்குகளுக்குரியது, ஞாயிறன்று அது மூடியிருக்கும். புதிய ஆலயத்தை அர்ப்பணிக்க முன்னர் சில வாரங்கள் எல்லோருக்கும் திறந்து காட்டுவார்கள். அதன்பின் அனுமதி அட்டை உள்ள உறுப்பினர் மட்டுமே நுழையலாம். நம்பிக்கை, ஒழுக்கம், வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுத்தல், மது, புகையிலை, தேநீர், கோப்பி தவிர்த்தல் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே அட்டை கிடைக்கும். மக்காவின் ஹரம் எல்லையை அறிந்த நமக்கு இது விளங்காத விடயமல்ல.

உள்ளே என்ன நடக்கிறது? வெள்ளை உடுத்து, இறைவனோடு உடன்படிக்கை செய்கிறார்கள். கணவன் மனைவி பந்தம் மறுமையிலும் தொடரும் என்று நம்பி, 'முத்திரையிடல்' என்ற திருமணச் சடங்கை நடத்துகிறார்கள். உறுப்பினரல்லாத பெற்றோர் தம் பிள்ளையின் அந்தச் சடங்கைக் காண முடியாமல் வெளியில் காத்திருப்பதும் உண்டு. இது அச்சபைக் குடும்பங்களிலேயே மனவேதனை தந்த விடயம்.

மரித்தோருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களாமே? ஆம். பன்னிரண்டு எருதுச் சிலைகள் தாங்கும் தொட்டியில், இறந்தவரின் பெயரால் உயிரோடிருப்பவர் மூழ்கி எழுவார். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்கிறார்கள். இதற்காகவே உலகெங்குமுள்ள வம்சாவளிப் பதிவுகளைத் திரட்டுகிறார்கள். நாஸிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களையும் இதில் சேர்த்தபோது யூதர்கள் கடுமையாக ஆட்சேபித்தனர். அதை நிறுத்த 1995இல் உடன்பாடு எழுதப்பட்டது. மௌத்தானவருக்காக நாம் துஆ கேட்கிறோம், ஸதகா கொடுக்கிறோம். ஆனால் இன்னொருவரின் ஈமானை அவருக்காக நாம் ஏற்பதில்லை. வேறுபாடு அங்கேதான்.

பலதார மணம்? 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் வுட்ரஃப் அதைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். இன்று அதைச் செய்பவர் சபையிலிருந்து நீக்கப்படுவார். பிரிந்து போன சில சிறு குழுக்களே தொடர்கின்றன.

அகீதாவில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள தூரத்தை மழுப்பத் தேவையில்லை. இறைவனுக்கு உடல் உண்டென்பதும், ஈஸா நபி இறைமகன் என்பதும், ஸ்மித் முதல் இன்றைய சபைத் தலைவர் வரை தீர்க்கதரிசிகள் என்பதும் அவர்கள் நம்பிக்கை. தவ்ஹீதையும் நுபுவ்வத்தின் முடிவையும் ஏற்ற நாம் இவற்றை ஏற்க முடியாது.

இத்தனை தூரத்திலிருந்தும் அவர்கள் செய்த ஒரு வேலை நாம் அறிய வேண்டியது. யூட்டாவிலுள்ள அவர்களது பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 1997இல் இமாம் கஸ்ஸாலியின் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வை அரபு மூலத்துடன் ஆங்கிலத்தில் பதிப்பித்தது. நம்மட இமாமின் சொல்லை மாற்றாமல், அவர் மொழியிலேயே பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இன்னொரு சமயத்தை ஆராய நினைக்கும் நம் மாணவருக்கு நான் காட்டும் முறையும் இதுதான்: முதலில் அவர்கள் சொல் அவர்கள் வாயால் வரட்டும், நமது மறுப்பு அதன் பக்கத்தில் நிற்கட்டும்.